நெடுநாவலில் முரண் களைதலும் செயற்கை நுண்ணறிவும்

நாவல் எழுதுகிறவர் தாம் படைத்த ஊருக்குக் கிராமக் கணக்கராகவும், பிறப்பு இறப்புப் பதிவாளராகவும் இருந்தாக வேண்டியிருக்கிறது. எந்த வீட்டுக்கு எத்தனை வாயில், எவருக்கு எந்தக் கண் பழுது, எந்த ஆண்டில் எவள் மணமாகிப் போனாள் என்னும் விவரங்களைச் சிறுகதை ஆசிரியர் தம் தலையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பக்கம் எழுதுகிறவருக்கு அது இயலாது. நான்காம் அத்தியாயத்தில் இடக்கண் குருடாக இருந்தவருக்கு முப்பத்தோராம் அத்தியாயத்தில் வலக்கண் குருடாகிவிடுகிறது. இத்தகைய முரண்களைக் கண்டு களையும் பொறுப்பைச் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்று இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒப்படைக்கலாமா, ஒப்படைத்தால் எதுவரை என்பதைப் பற்றி என் அனுபவத்தில் கண்டவற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

விஞ்ஞான இதழில் நாவலுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். களப்பணியாளர் மூன்றாண்டு காலம் எழுதிவந்த குறிப்பேட்டில் ஒரே குக்கிராமத்தின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதும், ஒரே விவசாயியின் நிலம் ஓரிடத்தில் 2 ஏக்கர் என்றும் பிறிதோரிடத்தில் 2 ஹெக்டேர் என்றும் பதிவாகியிருப்பதும் இதே நோயின் வேறு வடிவங்களே. ஆசிரியர்களைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. நம் மொழிகளில் நாவல் எழுதியவர்களில் பள்ளி ஆசிரியர்கள் பலர்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். பெரியாற்றின் கரையிலுள்ள ஆலுவாவில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். உரிய அனுமதி பெற்று, அலுவல் போக எஞ்சிய பொழுதில் மலையாள நாவல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதன் ஆசிரியர் எண்பது வயதைக் கடந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மட்டாஞ்சேரியில் மிளகுப் பண்டகசாலை வைத்திருந்த ஒரு குடும்பம் ஆலுவா ஆற்றங்கரையிலும் ஒரு வீடு கட்டிக்கொண்டு, நான்கு தலைமுறையாக இரண்டு ஊருக்கும் இடையே போய் வந்த வரலாறே கதை. அத்தியாயங்கள் 62, மாந்தர் இருநூற்றுக்கு மேற்பட்டவர். மூலநூல் இன்னும் அச்சேறவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 ஆகஸ்டில் பெரியாறு ஊருக்குள் புகுந்தபோது அவர் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பதினேழு அத்தியாயங்கள் சேற்றோடு சேறாயின. வேறு பிரதி கிடையாது. அவற்றை அவர் நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். நாவலில் உள்ள முரண்களில் பெரும்பாலானவை, வெள்ளத்துக்குத் தப்பிய அத்தியாயங்களும் வெள்ளத்துக்குப் பின் எழுதிய அத்தியாயங்களும் சந்திக்கும் இடங்களிலேயே இருந்தன.

முரண் என்பது சோம்பேறி எழுத்தாளரின் குற்றம் என்று எண்ணுதல் தவறு. செர்வாண்டிஸ் 1605-இல் வெளியிட்ட ‘டான் குயிக்ஸோட்’ நூலில் சாஞ்சோவின் கழுதை காணாமற் போகிறது. பிறகு ஒன்றும் நடவாததுபோல் அவன் அதன்மேல் ஏறி வருகிறான். வாசகர் நகைத்தனர் போலும். 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கதைமாந்தரே அக்கழுதையைப் பற்றி விவாதிக்குமாறு அவர் அமைத்துவிட்டார். கானன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில், டாக்டர் வாட்ஸன் போரில் குண்டடி பட்டது 1887-இல் வந்த நூலின்படி தோளில். 1890-இல் வந்த நூலின்படி காலில். பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா இவர்களைவிட எச்சரிக்கையானவர். ஒரே குடும்பத்தைப் பற்றி 1871 முதல் 1893 வரை இருபது நாவல்கள் எழுதிய அவர், அக்குடும்பத்தின் வமிச விருட்சத்தைத் தனியே வரைந்து வைத்துக்கொண்டு எழுதினார்.

நம்மிடையே கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. சென்ற வாரம் அச்சாகிவிட்டதை இந்த வாரம் மாற்ற முடியாது என்னும் நிர்ப்பந்தத்தில் ஐந்து பாகங்களை எழுதி முடிப்பது எத்தகைய நினைவாற்றலைக் கோரியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மலையாளத்தில் விலாசினி எழுதிய ‘அவகாசிகள்’ 1980-இல் நான்கு பாகங்களாக வெளிவந்தது; ஏறத்தாழ 4,000 பக்கங்கள். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலையில் நிறைவுற்றது. 26 நாவல்கள், பல்லாயிரம் பக்கங்கள். உரையாடும் யந்திரம் பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பரிலேதான் என்பதை நோக்குமிடத்து, இவை யாவும் மனித நினைவையும் கைக்குறிப்புகளையுமே நம்பி எழுந்தவை என்பது விளங்கும்.

இனி, யந்திரம் என்ன செய்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம். பெருமொழி மாதிரி எனப்படும் இச்சாதனம் நாவலை நாம் படிப்பதுபோல் படிப்பதில்லை. உரையைச் சிறு துணுக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்வரிசையாக மாற்றி, இதுவரை வந்தவற்றை அடுத்து எத்துணுக்கு வருதல் இயல்பு என்று கணிக்கிறது. இத்துணுக்குகளையே டோக்கன் என்கின்றனர். ஒரே வேளையில் அது தன்முன் விரித்து வைத்துக்கொள்ளக்கூடிய டோக்கன்களுக்கு ஓர் எல்லை உண்டு. 2022 இறுதியில் அவ்வெல்லை சுமார் 4,000. 2024-இல் பத்து இலட்சம் டோக்கன்களை ஏற்கும் மாதிரியும் வந்துவிட்டது. ஆகவே நெடுநாவல் முழுவதையும் ஒருசேர அதன்முன் வைக்க இயலும் என்பது உண்மைதான்.

ஆனால் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இங்கே ஒரு கூடுதல் சுங்கம் விதிக்கப்படுகிறது. இன்று கணிப்பொறிகளில் வழங்கும் யுடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். உரையைத் துணுக்காக்கும் அட்டவணை பெரும்பாலும் ஆங்கில உரையைக் கொண்டே அமைக்கப்பட்டிருப்பின், தமிழ்ச் சொல் ஒன்று பல துண்டுகளாகச் சிதறிப்போகும். ஆங்கில நாவல் முழுதும் அடங்கும் இடத்தில் அதே அளவுள்ள தமிழ் நாவல் பாதியோடு நின்றுவிடலாம். புதிய மாதிரிகளில் இக்குறை தணிந்து வருகிறது, நீங்கிவிடவில்லை.

இதனினும் முக்கியமானது வேறொன்று. நீண்ட உரையின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள விவரங்களை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன என்றும், நடுவில் உள்ளவற்றைத் தவறவிடுகின்றன என்றும் 2023-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதனை மூலம் காட்டினர். நாள் முழுதும் நடக்கும் பயிற்சிக் கூட்டத்தில் முதற் பேச்சாளரையும் கடைசிப் பேச்சாளரையும் நினைவில் வைத்துக்கொண்டு, பகல் உணவுக்குப் பின் பேசியவரை மறந்துவிடுகிறோம் அல்லவா, அதைப் போன்றது இது. நெடுநாவலின் முரண்களோ பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே ஒளிந்து கிடக்கின்றன.

மொழிபெயர்ப்பில் இச்சிக்கல் எவ்வாறு பெருகுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலையாள வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை. அவன் வந்தாலும், அவள் வந்தாலும், பெரியவர் ஒருவர் வந்தாலும், மாடு வந்தாலும் ‘வந்நு’ என்னும் ஒரே சொல் போதும். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்தாக வேண்டும். மூல ஆசிரியர் ஒருபோதும் எடுத்திராத முடிவுகளை மொழிபெயர்ப்பாளன் ஆயிரக்கணக்கில் எடுக்க நேர்கிறது. பண்டகசாலையில் மூட்டை தூக்கும் சிறுவனாக ஏழாம் அத்தியாயத்தில் அறிமுகமாகும் ஒருவர் நாற்பதாம் அத்தியாயத்தில் அப்பண்டகசாலைக்கே சொந்தக்காரராகிறார். அவர் எந்தப் பக்கத்தில் ‘வந்தான்’ என்பதிலிருந்து ‘வந்தார்’ என்பதற்கு உயர்கிறார்? இதனை நான் ஓர் இடத்தில் வரையறுத்துக்கொண்டேன். யந்திரத்திடம் முதல் வரைவு கேட்டபோது, ஒரே பத்தியில் அவர் மூன்று முறை உயர்ந்து இரண்டு முறை தாழ்ந்தார்.

உறவுமுறைச் சொற்கள் இன்னும் வழுக்கலானவை. மத்திய கேரளத்தில் அம்மாயி என்பவள் மாமனின் மனைவி. தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்திலும் கொங்குநாட்டிலும் அம்மாயி என்றால் தாயைப் பெற்ற பாட்டி. ‘அம்மாயி’ என்னும் சொல்லை யந்திரம் சில அத்தியாயங்களில் அப்படியே விட்டுவைத்து, சில அத்தியாயங்களில் ‘மாமி’ ஆக்கியது. பின்னர் முரண் தேடச் சொன்னபோது, மாமி, அம்மாயி என்னும் இருவரில் ஒருத்தி எவ்விதக் காரணமும் இன்றிக் கதையிலிருந்து மறைந்துவிட்டதாக அதுவே புகார் செய்தது. தான் உண்டாக்கிய முரணைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இனி என் பிழையைக் கூறுகிறேன்.

கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம்’ என்றால் சிறு குழந்தைக்கும் தெரியும். கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதம். நம் கணக்கில் ஆடி மாதம். ஆங்கில ஆண்டு 1924, ஜூலை. மூணாற்றில் இருந்த சிறு ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. ஆலுவாவில் வயது முதிர்ந்தோர் இன்றும் வீட்டின் உயரத்தை அந்த வெள்ளத்தைக் கொண்டே அளப்பார்கள். நாவலில் வரும் பாட்டி தனக்குத் தொண்ணூற்றொன்பதிலே வெள்ளத்தின்போது ஏழு வயது என்று சொல்கிறாள். அவள் 1971-இல் இறக்கிறாள். தமிழாக்கத்தின் முதல் முப்பது அத்தியாயங்களை யந்திரத்திடம் கொடுத்து முரண் தேடச் சொன்னேன். ‘தொண்ணூற்றொன்பது’ என்பதை அது 1999 என்று கொண்டுவிட்டது. 1971-இல் இறந்தவள் 1999 வெள்ளத்தைக் கண்டிருக்க முடியாது என்றும், கேரளத்தில் 1961-லும் பெருவெள்ளம் ஏற்பட்டதாகையால் ‘அறுபத்தொன்று’ என்று திருத்தலாம் என்றும் மிகுந்த பணிவோடு எழுதியது. அன்றிரவு அதுபோல் நாற்பது குறிப்புகள் என் முன் இருந்தன. முதல் பன்னிரண்டையும் சரிபார்த்தேன். அவை பன்னிரண்டும் சரியாக இருந்தன. மீதியை ஒருசேர ஏற்றுக்கொண்டு உறங்கப் போய்விட்டேன்.

மறுநாள் மீண்டும் சோதித்தபோது பதினொரு புதிய முரண்கள் முளைத்திருந்தன. 1961-இல் ஏழு வயதாக இருந்தவளுக்கு 1945-இல் எப்படி மகள் பிறந்தாள் என்று யந்திரம் வினவி, மகளின் பிறப்பைத் தள்ளிப் போடுமாறு யோசனை கூறியிருந்தது. மகள் பிறப்பைத் தள்ளினால் பேரனின் படிப்பைத் தள்ள வேண்டும். ஒரு தவறான திருத்தம் ஒரு குடும்பத்தையே இடம் பெயர்க்கத் தொடங்கியிருந்தது. அலுவலகம் செல்லும் அவசரத்தில் அதையும் முழுமையாகப் படிக்காமல் வைத்துவிட்டேன்.

நூலாசிரியருக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் விளங்கும். ஞாயிறுதோறும் நான் தமிழாக்கத்தைப் படித்துக்காட்ட அவர் கண்ணை மூடிக் கேட்பது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் பேச்சைப் படித்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மோனே, என் அம்மை எந்த வெள்ளத்தைக் கண்டாள்?”

அந்தப் பாட்டி அவருடைய தாயாரே என்பதை அதுவரை அவர் என்னிடம் சொன்னதில்லை. நடந்ததைக் கூறினேன். “மாஷே, பிழை என்னுடையது. யந்திரம் சொன்னதை நான் பார்க்காமல் ஏற்றுக்கொண்டேன்” என்றேன். அவர் சினங்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து, “ஒரு வெள்ளம் பதினேழு அத்தியாயத்தைக் கொண்டுபோயிற்று. மீதியை நாமே கொடுத்துவிட வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். பழைய பிரதியை நான் தனியே வைத்திருந்ததால் நாற்பது திருத்தங்களையும் நீக்கி மீண்டும் தொடங்க முடிந்தது. வைத்திராவிடில் எந்தெந்த ஆண்டு மாற்றப்பட்டது என்று தேடிக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகியிருக்கும்.

இங்கே விஞ்ஞான நோக்கில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பின்னொரு நாள் அதே யந்திரத்திடம், கேரளத்தில் தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம் என்பது யாது என்று தனியாகக் கேட்டேன். கொல்லம் ஆண்டு 1099 என்றும், 1924 ஜூலை என்றும் பிழையின்றிச் சொல்லிற்று. தனியே கேட்டபோது கைக்கெட்டிய அச்செய்தி, முப்பது அத்தியாயங்களின் ஆண்டுகளை ஒப்பிடும் வேலையில் இறங்கியபோது அதற்கு எட்டவில்லை. அன்றியும், ‘இங்கே எனக்கு ஐயம் உளது’ என்று எழுதும் பழக்கம் அதற்குக் குறைவு. சரியான பன்னிரண்டு குறிப்புகளையும் தவறான ஒன்றையும் ஒரே குரலில் சொல்லும். நம் அலுவலக இளநிலை எழுத்தர் ஐயமுள்ள இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியாவது இடுவார்.

நாவலில் நாணயங்களும் இவ்வாறே அதனைக் குழப்பின. ஆலுவா திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1949 ஜூலையில் இரண்டும் இணையும்வரை ஆலுவா வீட்டில் சக்கரத்தில் எண்ணிய பணத்தை மட்டாஞ்சேரிக் கடையில் வேறு நாணயத்தில் எண்ணினார்கள். ஒரே குடும்பம் இருவேறு நாணயத்தில் கணக்கு வைப்பது முரண் என்று யந்திரம் குறித்தது. கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. ஆகையால் ஆடியில் வெள்ளம் வந்தது 1099-இல். அதை அடுத்த ஓணம் 1100-இல். ஒரே மழைக்காலம் இரண்டு ஆண்டுகளில் வருகிறதே என்று அதுவும் குறிக்கப்பட்டது. இவற்றில் யந்திரத்தைக் குறை கூறுவதைவிட, இச்செய்திகளை முன்கூட்டியே எழுதிக் கொடாத என்னையே குறை கூற வேண்டும்.

வேறொரு வகை முரண் இருக்கிறது. அது எழுத்தாளர் வேண்டுமென்றே வைத்தது. நாவலில் சகோதரிகள் இருவர் அதே வெள்ளத்தைப் பற்றிப் பேசுகின்றனர். ஒருத்தி தண்ணீர் ஜன்னல் வரை வந்தது என்கிறாள். மற்றவள் உத்தரம் வரை என்கிறாள். மூத்தவள் தைரியசாலி, இளையவள் பயந்தவள். இருவர் நினைவும் வேறுபடுவதே அங்கே கதை. யந்திரம் இரண்டையும் ஒரே அளவாக்கச் சொன்னது. ‘பொன்னியின் செல்வ’னில் நந்தினியின் பிறப்பைப் பற்றி மாந்தர் பலர் பலவிதமாகக் கூறுகின்றனர், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்படவில்லை. இவற்றை முரண் என்று பட்டியலிட்டு ஒழுங்கு செய்தால் அந்நாவலை இத்தனை தலைமுறை வாசகர் விவாதித்திருக்க மாட்டார்கள். எது பிழை, எது கருத்து என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை எழுத்தாளர் எக்காரணம் பற்றியும் கைவிடலாகாது என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

அப்படியாயின் யந்திரமே வேண்டாம் என்பேனா? அவ்வாறு கூறமாட்டேன். முன்னே சொன்ன குருட்டுக்கண்ணைக் கண்டுபிடித்தது யந்திரமே. இருபத்தாறாம் அத்தியாயத்தில் விற்கப்பட்ட வள்ளத்தில் முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில் மிளகு ஏற்றியதையும் அதுவே பிடித்தது. தாத்தா 1898-இல் ஆலுவா நிலையத்தில் ரயிலிலிருந்து இறங்குகிறார். ஷொரனூர் எறணாகுளம் ரயில் பாதையோ 1902-இல் திறக்கப்பட்டது. இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் 1936-ஆம் ஆண்டுத் திருமணக் கூட்டம் ஒன்று பேருந்தில் மார்த்தாண்ட வர்மா பாலத்தைக் கடக்கிறது. பாலம் திறந்தது 1940-இல். இவ்விரண்டையும் நூலகத்தில் சரிபார்த்தேன். யந்திரம் கூறியது உண்மை. நானும் நூலாசிரியரும் அப்பக்கங்களைப் பலமுறை படித்தும் கவனித்திருக்கவில்லை. தினந்தோறும் அப்பாலத்தின்மேல் போகிறவர்களுக்கு அது இல்லாத காலம் நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே, நான் இப்போது கைக்கொண்டிருக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் ஸோலா செய்ததுபோல் ஓர் ஏடு. அதை நானே எழுதுகிறேன். மாந்தர், இடம், காலம், பொருள் ஒவ்வொன்றுக்கும் பதிவு. பதிவுக்கு எதிரே அத்தியாய எண்ணும் மூல வாக்கியமும். கொல்லம் ஆண்டுக்கும் ஆங்கில ஆண்டுக்கும் தமிழ் மாதத்துக்கும் ஓர் ஒப்பீட்டு அட்டவணை. யார் யாரை எவ்வாறு அழைப்பர், எந்த அத்தியாயத்திலிருந்து மரியாதை விகுதி பெறுவர் என்பதற்கு ஒரு பக்கம். வேண்டுமென்றே விடப்பட்ட முரண்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவற்றைத் தொடவேண்டாம் என்று தலைப்பிட்டிருக்கிறேன். சகோதரிகளின் வெள்ளம் அப்பக்கத்தில் இருக்கிறது.

முழு நாவலையும் யந்திரத்தின்முன் கொட்டுவதை விட்டுவிட்டேன். ஏட்டையும் ஒரே ஓர் அத்தியாயத்தையும் மட்டும் வைத்து, இரண்டுக்கும் ஒவ்வாத இடங்கள் எவை என்று கேட்கிறேன். ஏடு நாற்பது பக்கத்துக்குள் அடங்குவதால் நடுப்பகுதி மறதி என்னும் குறைக்கு இடம் பெரிதும் சுருங்குகிறது. ஒவ்வொரு புகாருக்கும் மோதிக்கொள்ளும் இரு வாக்கியங்களையும் எழுத்துப் பிசகாமல் எடுத்துக்காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாக்கியங்களைப் பிரதியில் தேடிப் பார்க்கிறேன். பிரதியில் இல்லாத வாக்கியத்தை அது இட்டுக்கட்டியிருந்தால் புகாரைத் தள்ளிவிடுகிறேன். இப்படி நேர்வது உண்டு. திருத்தம் யோசனை கூறவேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். புகாரை ஏற்பதும் ஒவ்வொன்றாகவே. ஓர் அத்தியாயத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. இதற்கு முன் கையால் செய்தபோது இரண்டு மாலைப்பொழுது பிடித்தது. எனவே யந்திரத்தால் மிச்சமான நேரம் கணிசமானது. ஏட்டை எழுதிய ஐந்து மாதத்தை மட்டும் அது மிச்சப்படுத்தவில்லை. அந்த ஐந்து மாதமும் நாவலை நான் உள்ளபடியே கற்ற காலம் என்பதால் எனக்கு அதில் மனக்குறை இல்லை.

அலுவலகங்களில் ஏறத்தாழ இதே கொள்கையில் இயங்கும் சாதனங்களை அன்பர்கள் அறிந்திருக்கலாம். அலுவல் மொழித் துறையின் ‘கண்டஸ்த்’ என்னும் மொழிபெயர்ப்பு நினைவகம் முன்பு மொழிபெயர்த்த வாக்கியத்தைச் சேமித்து வைத்து மீண்டும் நம் முன் நீட்டுகிறது. ஏற்பதும் தள்ளுவதும் மொழிபெயர்ப்பாளர் கையில். 1961-இல் நிறுவப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் சொல்லுக்குச் செய்வதை, நாவலாசிரியர் தம் மாந்தருக்கும் பொருள்களுக்கும் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

களப்பணியாளருக்கு ஓர் எச்சரிக்கை. அச்சேறாத கைப்பிரதியைத் தனியார் நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அனுப்புமுன் நூலாசிரியரின் அனுமதி பெறுதல் கடமை. நான் எழுத்து மூலம் பெற்றேன். அரசுக் கோப்புகளுக்கும், பயனாளிகளின் பெயர், நிலம், கடன் அடங்கிய குறிப்பேடுகளுக்கும் இது பன்மடங்கு பொருந்தும். 2025 ஜனவரியில் மத்திய நிதியமைச்சகம், அலுவலகக் கணிப்பொறிகளில் இத்தகைய யந்திரங்களை உபயோகிப்பதைத் தவிர்க்குமாறு தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. குறிப்பேட்டின் முரண்களைக் களைய விரும்புவோர் முதலில் ஏட்டு முறையைக் கையால் செய்து பார்க்கலாம். கிராமப் பெயர்களை ஒரு பக்கத்திலும், நில அளவுகளையும் அவற்றின் அலகையும் மறுபக்கத்திலும் எழுதத் தொடங்கியதுமே பாதி முரண்கள் தாமாகவே தலைகாட்டும்.

பாலத்தைப் பற்றிய குறிப்பை நூலாசிரியரிடம் கொண்டுபோனபோது, ஆண்டை 1941 என்று மாற்றிவிட்டால் போதுமே என்று நான் சொன்னேன். அவர் இசையவில்லை. 1936 நிற்கட்டும் என்று கூறி, பேருந்தை அக்கரையிலேயே நிறுத்திவிட்டார். திருமணக் கூட்டம் இறங்கி, பட்டுப்புடவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடத்துத் தோணியில் பெரியாற்றைக் கடக்கும் மூன்று பக்கங்களைப் புதிதாக எழுதி, சென்ற வாரம் என்னிடம் கொடுத்தார். தோணிக்காரன் ஆளுக்கு நான்கு காசு கேட்கிறான். மணமகனின் மாமன் மூன்றுக்குப் பேரம் பேசுகிறார். அப்பக்கங்களை இப்போது தமிழாக்கி வருகிறேன். ஏட்டில் பொருள் என்னும் பகுதியில், ‘ஆலுவாக் கடத்துக் கூலி, திருவிதாங்கூர்க் காசு நான்கு, பேரத்துக்குப் பின் மூன்றரை, அத்தியாயம் 22’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அரைக்காசு நாணயம் அக்காலத்தில் இருந்ததா என்று நூலாசிரியரிடம் வரும் ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்.